கோபுரம் இரண்டு, வாசல் ஏழு

செகந்திராபாத்தில் தெருவில் நின்று நீங்கள் அண்ணாந்து பார்த்தால், இரண்டு நிமிடத்தில் உங்களோடு சேர்ந்து இன்னும் நாலு பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். இது எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. சுவிஸில் நானும் மகள் தாரணியும் ஆற்றங்கரையில் ஒரு மரத்தைப் பார்த்தபடி அரைமணி நேரம் நின்றிருக்கிறோம். கடந்து போகிறவர்கள் ஒரு வணக்கத்தைப் போட்டுவிட்டுத் தங்கள் நாயோடு போய்விடுவார்கள். இங்கே முதல்நாள் காலை தாரணி தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்ததும் தேநீர்க்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். ஓர் ஆட்டோ ஓரங்கட்டி நின்றது. பால் வாங்கிக்கொண்டு போன ஓர் அம்மா தெலுங்கில் என்னவோ கேட்டார். ஹெலிகாப்டர் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. வேப்பமரத்தில் இருந்ததோ ஒரு பனங்காடை. அது நீலச் சிறகை விரித்துப் பறந்தபோது அத்தனை பேரும் ஒரே குரலில் "அர்ரே!" என்றார்கள். தாரணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் மெல்ல மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். நாலு பேர் பார்க்க ஓரிடத்தில் நிற்பது எனக்கு ஒருநாளும் ஒத்துவராத காரியம்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். சுவிஸில் ஒரு மருத்துவமனையின் சமையலறையில் வேலை செய்து பாதி ஆயுளைக் கழித்தவன். என் மனைவி உஷா செகந்திராபாத்துக்காரி. அரக்கோணத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த அவளுடைய பாட்டனார் இங்கேயே தங்கிவிட்டதால் அவர்கள் மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தமிழர்கள். அவர்களுடைய தமிழில் தெலுங்கும் உருதுவும் தாராளமாகப் புழங்கும். குடும்ப வீட்டில் இப்போது அவளுடைய தம்பி முரளி இருக்கிறான். அவன் என்னை மாமா என்பான், என் மகள் அவனை மாமா என்பாள், நாங்கள் இருவரும் ஒரே சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்போம். டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு இரண்டு கிழமை அங்கே போவது என்று உஷா முடிவெடுத்தபோது, சரி என்று சொல்லிவிட்டு மூன்று நாள் நான் நித்திரை கொள்ளவில்லை.

ஏன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். விசாப் படிவத்துக்குப் பயம், விமான நிலையத்துச் சீருடைக்குப் பயம். என்னுடைய சிவப்புக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லில் எத்தனை விரல்கள் நின்று தாமதித்திருக்கின்றன என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். தாரணி பிறந்த அன்றே தீர்மானித்தேன்: இந்தப் பயம் என்னோடு செத்துப்போக வேண்டும், பிள்ளைக்குப் போகக்கூடாது. அதற்காகவே அவளுக்கு ஊர்க்கதைகளில் பாதியை மறைத்தேன், மீதியைப் பொய்யாகச் சொன்னேன். பதினொரு வயதில் அவள் பொலிஸ்காரரிடம் போய் மணி கேட்பாள். அதைப் பார்த்து நான் உள்ளுக்குள் பெருமைப்படுவேன். அவளுக்குத் தமிழ் முழுக்க விளங்கும், ஆனால் பதில் ஜேர்மனில்தான் வரும். அது ஒரு குறைதான். என் ஊர்த் தமிழில் அவள் என்னோடு கதைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. என்றாலும் பயமில்லாத பிள்ளை, மொழி இல்லாவிட்டால் பரவாயில்லை என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

பறவை பார்ப்பது அங்கே பள்ளிக்கூடத்தில் தொற்றியது. மாணவர்களுக்கு ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்கு ஒரு பச்சைக் கொப்பி. நேரம், இடம், எண்ணிக்கை, பறந்த திசை என்று நாலு கட்டங்கள். ஒரு சிட்டுக்குருவியைக் கண்டால்கூட நாலையும் நிரப்ப வேண்டும். சுவிஸ்காரர்களுக்குக் குருவி பறப்பது போதாது, எத்தனை மணிக்கு எந்தத் திசையில் பறந்தது என்று தெரிந்தால்தான் நிம்மதி. தாரணியும் அப்படித்தான் வளர்ந்திருந்தாள். செகந்திராபாத்தில் நாலு காலைகள் நாங்கள் இருவரும் ஏழு மணிக்குக் கிளம்பி, ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கிற ஒரு சாலையில் நடந்தோம். அவள் எழுதுவாள், நான் அவளுடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மார்கழிக் குளிரில் அந்தச் சாலை அவ்வளவு அழகு. ஒரு பக்கம் வீடுகள். மறுபக்கம் மேலே முள்கம்பி போட்ட நீண்ட மதில். மதிலை நான் முதல்நாளே கண்டேன். அது இராணுவத்தின் இடம் என்றும் தெரியும். இந்த ஊருல பாதி மதிலுங்க அப்படித்தான் மாமா, ஒண்ணும் ஆவாது, என்று முரளி சொல்லியிருந்தான்.

ஐந்தாம் நாள் காலை அவள் சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்தபோது கொப்பியை என் கையில் தந்தாள். நான் சும்மா புரட்டினேன். அதுவரை நான் அதைப் படித்துப் பார்த்ததே இல்லை. முதல் பக்கத்தில் ஒரு படம். மதில், முள்கம்பி, வாசல், வாசலுக்கு உள்ளே விளக்குக் கோபுரம், காவற்கூண்டு எல்லாம் அளவெடுத்த மாதிரிப் பென்சிலால் வரைந்திருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் சின்னச் சின்னப் புள்ளிகள். பக்கத்தில் கைப்பேசியைப் பார்த்து எழுதிய அகலக்கோடு, நெடுங்கோடு, தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம். கீழேயும் அடுத்த இரண்டு தாள்களிலும் நாலு நாட்களின் வரிசை. 7.05, கோபுரம், 2. 7.20, வாசல், 7, மேற்கு நோக்கி. 7.40, கூண்டுக்குப் பின்னால், 1, நகரவில்லை.

பறவையின் பெயரை அவள் எழுதவே இல்லை. சங்கத்தில் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு சுருக்கக்குறி உண்டு, மூன்று எழுத்து. அவற்றைத்தான் போட்டிருந்தாள். தெரியாதவன் கண்ணுக்கு அவை இரகசியக் குறிகள்.

இனி நான் மறைத்த பாதியில் ஒரு துண்டைச் சொல்ல வேண்டும். ஊரில் என்னோடு படித்த ராசன் புறா வளர்த்தான். கணக்கில் புலி. காலையில் எத்தனை புறா வெளியே போனது, பின்னேரம் எத்தனை திரும்பி வந்தது என்று ஒரு சின்னக் கொப்பியில் குறித்து வைப்பான். காலை ஆறு பத்து, பதினான்கு போனது. மாலை ஐந்து நாற்பது, பதின்மூன்று வந்தது. ஒருநாள் இருவரும் சைக்கிளில் போகும்போது இராணுவச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அவனுடைய சட்டைப்பையில் கொப்பி இருந்தது. போனது யார், வராத அந்த ஒருவன் யார் என்று கேட்டார்கள். புறா என்றான். ஆர் நம்புவார்கள்? எனக்குப் பின்னால் நின்றவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போ என்று என் முதுகில் இடித்தான். நான் உருட்டிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. ராசன் நாற்பது நாள் கழித்து வந்தான். வந்த அன்று கூட்டைத் திறந்து எல்லாப் புறாவையும் விரட்டினான். அவை ஒன்றும் போகவில்லை, பின்னேரம் பின்னேரம் திரும்பி வந்துகொண்டே இருந்தன. அவன் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எழுத்துள்ள எந்தக் காகிதமும் என் சட்டைப்பையில் தங்குவதில்லை. கடைச் சிட்டையையும் ரயில் சீட்டையும் நான் பொடிப்பொடியாகக் கிழித்துப் போடுவதைப் பார்த்து உஷா, "எலி பொறந்த வீட்டுல பொறந்திருக்கீங்க" என்று கேலி செய்வாள்.

ஆகவே செகந்திராபாத்துச் சாலையில் நான் செய்தது யோசித்துச் செய்ததல்ல. நிமிர்ந்து பார்த்தேன். காவற்கூண்டிலிருந்த சிப்பாய் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்த மூன்று தாள்களையும் சர்ரென்று கிழித்தேன். கிழித்ததை மறுபடி கிழித்தேன். துண்டுகளைச் சாக்கடையில் போட்டேன். ஒரு துண்டை வாயில் போட்டு விழுங்கினேன் என்று தாரணி பின்னால் சொன்னாள், எனக்கு அது ஞாபகமே இல்லை. அவள் ஜேர்மனில் கத்தினாள். "அப்பா! என்ன செய்கிறீர்கள்? என்னுடைய நாலு நாள்!" அதற்குள் மதிலுக்கு அப்பாலிருந்து "ருக்கோ!" என்று ஒரு குரல். எனக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் நில் என்ற சொல்லை எந்தப் பாஷையில் சொன்னாலும் என் உடம்புக்கு விளங்கும். கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். ஒருவரும் தூக்கச் சொல்லவில்லை.

வாசலோரம் ஒரு சின்ன அறை. மின்விசிறி, மேசை, நாலு நாற்காலி. எங்களை இருத்தித் தண்ணீர் தந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதட்டவில்லை, அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நரைத்த மீசையோடு ஓர் அதிகாரி வந்தார். மேசையில் என் கைப்பேசி, மகளின் கைப்பேசி, தூரக்கண்ணாடி, கிழிந்த பச்சைக் கொப்பி. ஒரு தட்டில் சிப்பாய் சாக்கடையிலிருந்து பொறுக்கி வந்த ஈரத் துண்டுகள். அவருடைய ஆங்கிலம் வேகம், என்னுடையது சமையலறை ஆங்கிலம்.

"யார் இதை எழுதச் சொன்னது?" என்று கேட்டார்.

"சங்கம்" என்றேன்.

"என்ன சங்கம்?"

"பறவைச் சங்கம். சுவிஸில் எல்லாரும் எண்ணுவார்கள். அரசாங்கம்கூட எண்ணும்."

"அரசாங்கமா உங்களை அனுப்பியது?"

"இல்லை, இல்லை. அரசாங்கம் அங்கே எண்ணும். இங்கே நாங்கள் எண்ணுகிறோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் முழங்கால் மேசைக் காலில் தடதடவென்று அடித்தது. தாரணி அந்தச் சத்தத்தைக் கேட்டு மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அறைக்குள் துப்பாக்கியோடு இருவர் நின்றார்கள், அவர்களை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் என் கைப்பேசியிலிருந்தே அழைத்துச் சொல்ல, முரளி கடவுச்சீட்டுகளோடு வேர்க்க விறுவிறுக்க வந்தான். வாசலிலேயே "சாப், சாப்" என்று அவர்கள் பாஷையில் தொடங்கிவிட்டான். பாட்டன் காலத்திலிருந்து ரயில்வே, இதே தெரு, அக்கா, மாமா, குழந்தை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அதிகாரி கடவுச்சீட்டைத் திறந்தார். விரல் அந்தச் சொல்லில் வந்து நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மகளே, நீ சொல்லு" என்றார் அவர், தாரணியிடம் ஆங்கிலத்தில். "கோபுரத்தில் இரண்டு என்றால் என்ன?"

தாரணி பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். கோபுரத்தில் இரண்டு என்றால் பருந்துகள். சுள்ளி கொண்டுவந்து கூடு கட்டுகின்றன, அதில் ஒன்றுக்கு இடதுபக்கச் சிறகில் ஓர் இறகு இல்லை. வாசலில் ஏழு என்றால் கிளிகள். கூண்டுக்குப் பின்னால் நகராமல் இருப்பது ஆந்தை, மதிலின் தண்ணீர்க் குழாய்ப் பொந்தில் பகல் முழுக்க நித்திரை கொள்கிறது. வரிசை பிசகாமல் நாலு நாளையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். கதவோரம் நின்ற சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறகில்லாத பருந்தை அவனுக்கும் தெரியுமாம். போன வாரம் அவன் தட்டிலிருந்து ரொட்டியைப் பறித்துக்கொண்டு போனது அதுதானாம். அதிகாரி எழுந்து வெளியே போய்த் தூரக்கண்ணாடியை வைத்துக் கோபுரத்தைப் பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து என்னிடம் கேட்டார்.

"உங்கள் மகள் உண்மை சொல்கிறாள். இதில் பறவையைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு ஏன் கிழித்தீர்கள்?"

முரளியும் தன் உருது கலந்த தமிழில் அதே ஏன் என்பதைத்தான் கேட்டான். "ஹவ் மாமா, கைக்கு கிழிச்சீங்க? காட்டியிருந்தா அஞ்சு நிமிசத்துல வுட்ருப்பாங்களே!"

தாரணி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராசனைப் பற்றி எந்தப் பாஷையில் சொல்வது? சொன்னால் மகளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அறையை விட்டுப் போக முடியாது. பதினொரு வருடம் பொத்திப்பொத்தி வைத்தது அந்த மேசையில் வந்து நின்றது. கடைசியில், "பழக்கம், சார்" என்றேன். "எங்கள் ஊரில் எண்ணி எழுதிய காகிதம் வைத்திருந்த என் சிநேகிதனைக் கொண்டுபோனார்கள். அதுவும் பறவைதான். புறா."

அவர் மறுபடியும் கடவுச்சீட்டைத் திறந்து அந்தச் சொல்லைப் பார்த்தார். இந்தமுறை விரலை வைக்கவில்லை. மூடி என்னிடம் தந்தார். அந்த ஈரத் துண்டுகளை ஓர் உறையில் போட்டுத் தாரணியிடம் கொடுத்து, "நல்ல வேலை செய்திருக்கிறாய். ஆனால் இந்தச் சாலையில் இனி எழுதாதே" என்றார். அவர் குரலில் கண்டிப்பைவிடச் சங்கடம்தான் கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான். மூன்று மணித்தியாலத்தில் வெளியே வந்துவிட்டோம். ராசனுக்கு நாற்பது நாள், எனக்கு மூன்று மணித்தியாலம், அதில் பாதி நேரம் கடவுச்சீட்டு வருவதற்குக் காத்திருந்தது. நான் அதிர்ஷ்டசாலி என்று எல்லாரும் சொன்னார்கள்.

வீட்டில் உஷா என்னை விட்டுவைக்கவில்லை. "சோல்ஜருங்க ஒண்ணும் பண்ணல. பண்ணுனது பூரா நீங்க. புள்ள பாவம், நாலு நாளு குளிர்ல நின்னு எழுதுனது!" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்கென்ன தெரியும் என்று கத்தினேன். தாரணி எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். பிறகு உஷா என் பக்கத்தில் வந்திருந்து, "சரி, நக்கோ, வேணாம், வுடுங்க" என்று என் கையைப் பிடித்தாள். அவள் சொன்னது முழுக்க உண்மை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒளித்து வைத்த கதை பிள்ளையிடம் போகாது என்று நினைத்திருந்தேன். கதை போகத் தேவையில்லை. ஒரு முழங்கால் ஆடினாலே போதும்.

மீதி நாட்களில் முரளி வீட்டார் எங்களை எல்லா இடமும் கூட்டிப்போனார்கள். கோல்கொண்டா, சார்மினார், தார்நாகாவில் உஷாவின் சிநேகிதி வீடு, குகட்பள்ளியில் ஒரு கல்யாணம். தாரணி எல்லா இடத்துக்கும் வந்தாள், எல்லாவற்றையும் சாப்பிட்டாள். தூரக்கண்ணாடி பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒட்டும் நாடா வாங்கி வந்து துண்டுகளைப் பொருத்துவோம் என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். புதுக் கொப்பி வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்கும் அதே தலையாட்டல். கோல்கொண்டாவில் வாசற் காவலாளி ஒருவர் எதிரே வந்தபோது அவளுடைய கை என் கைக்குள் புகுந்தது. சாதாரண காவலாளி, கையில் பிரம்புகூட இல்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அவளைக் காணவில்லை. தேடிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அருகே சுவரில் முதுகைச் சாய்த்துக் குந்தியிருந்தாள். செகந்திராபாத்தின் வானம் முழுக்கப் பருந்துகள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழும்பி இந்தப் பக்கம் வருவதும், திரும்ப மதிலைத் தாண்டி உள்ளே போவதுமாக வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அவள் அவற்றைத்தான் பார்த்தாள். கைகள் இரண்டும் மடியில் வெறுமையாக இருந்தன. உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன. கிட்டப் போய்க் காதைக் கொடுத்தேன். ஜேர்மனில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் இருந்தேன். "பிள்ளை, எழுதன். இது எங்கடை வீடு. இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றேன்.

அவள் மாடிப்படிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்கள் இல்லை என்று கண்டுகொண்டபின் என் காதுக்குக் கிட்ட வந்து, தமிழில் சொன்னாள். என் தமிழில். ஒரு பிழை இல்லை, ஒரு ஜேர்மன் சொல் இல்லை, என் ஊர்ப் பிள்ளை ஒன்று சொல்வது மாதிரியே சொன்னாள்.

"பேப்பரிலை வேண்டாம் அப்பா. ஆரும் கண்டிடுவினம். நான் மனசுக்குள்ளை வைச்சிருக்கிறன்."

பதினொரு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட குரல் அது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. "எத்தினை, பிள்ளை?" என்று நானும் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். இருபத்திமூன்று என்று என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள். எழுதி முடித்ததும் தன் கையால் அதை அழுத்தித் துடைத்துவிட்டாள்.